காட்பாடி மொட்டை மாடிக்கு முதல் டெலஸ்கோப், எது வாங்கலாம்?

மாடிவீட்டு மல்லி (காட்பாடி):

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறா. போன மாசம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோட காவலூர் வானாய்வகத்துக்கு போனோம், ஆலங்காயம் வழியா மலையேறி. பகல்ல அந்த பெரிய டெலஸ்கோப் இருக்கிற இடத்தை காமிச்சாங்க, இருட்டினப்புறம் வந்தவங்க பாக்கிறதுக்குன்னு வெச்சிருந்த சின்ன டெலஸ்கோப்ல வரிசையில நின்னு வியாழனை பாத்தோம். பொண்ணு முறை வந்ததும் கண்ணை எடுக்கவே மாட்டேங்கிறா, பின்னாடி நிக்கிறவங்க அவசரப்படுறாங்க, இறங்கி வந்து "அம்மா, பக்கத்துல நாலு புள்ளி இருக்கு, மூணு ஒரு பக்கம், ஒண்ணு மட்டும் அந்தப் பக்கம்"னா. எனக்கு அது கண்ணுலயே படல. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, தினமும் சாப்பிட்டதும் மாடிக்கு ஓடிடறா.

அவளுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரணும். கையில 15,000 இருக்கு, சித்திரைக்குள்ள இன்னொரு 10,000 சேக்க முடியும். ஆன்லைன்ல பாத்தா 7,000 ரூபாய்க்கே 525 பவர்னு ஒண்ணு இருக்கு, 18,000க்கு கம்பி, எடைக்கல்லு எல்லாம் தொங்குற மாதிரி ஒரு ஸ்டாண்டோட இன்னொண்ணு இருக்கு. பவர் ஜாஸ்தியா இருக்கிறதுதானே நல்லது? மாமனார் வேற பாதி நாள்ல மூலையில போட்டுடுவா, காசை வீணாக்காதீங்கங்கிறார். எங்க மாடி ரெண்டாவது மாடி, படிக்கட்டு ரொம்ப ஒடுக்கம், கிழக்குப் பக்கம் ரோடு லைட்டு அடிக்கும், மேற்கும் தெற்கும் பரவால்ல இருட்டா இருக்கும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாறு பையன் (வாணியம்பாடி):

அக்கா, தயவுசெஞ்சு அந்த 525 பவரை மட்டும் வாங்கிடாதீங்க. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப ஷூ கம்பெனியில லீவு வேலை பாத்து சேத்த காசுல அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். டப்பா மேல சனி வளையம், கலர் கலரா நெபுலா (வானத்துல இருக்கிற வாயு மேகம்) எல்லாம் போட்டிருந்தாங்க. முதல் நாள் ராத்திரி வியாழனை பிடிக்கவே முக்கா மணி நேரம் ஆச்சு, ட்ரைபாடு அலுமினிய குச்சி, கை பட்டா போதும் அஞ்சு செகண்டு ஆடிகினே இருக்கும், ஆட்டம் நின்னு பாக்கிறதுக்குள்ள கிரகம் வெளிய போயிடும். தங்கச்சியை கூப்பிட்டு காமிக்கலாம்னு ஆசையா கூப்பிட்டேன், அவ வந்து பாக்கும்போது ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் மேலதான் தப்பு, எனக்குதான் பாக்கத் தெரியலன்னு ரெண்டு வருஷம் நினைச்சுகினு இருந்தேன்.

அந்த 525 எப்படி வருதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. டெலஸ்கோப்போட ஃபோகல் லெங்த்தை (லென்ஸோ கண்ணாடியோ வெளிச்சத்தை குவிக்கிற தூரம்) ஐபீஸோட, அதாவது கண்ணு வெச்சுப் பாக்கிற சின்ன லென்ஸோட, ஃபோகல் லெங்த்தால வகுத்தா பவர். 700 மிமீ குழாய், 4 மிமீ ஐபீஸ், 175 ஆச்சு. அதுக்கு மேல 3 மடங்கு பார்லோ லென்ஸுன்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் குடுப்பாங்க, 175 ஐ 3 ஆல பெருக்குங்க, 525. கணக்கு சரிதான், ஆனா அந்த 70 மிமீ லென்ஸ் உள்ள வாங்குற வெளிச்சத்தை வெச்சு அவ்ளோ பெருசாக்கினா கலங்கின தண்ணியில பாக்கிற மாதிரிதான் இருக்கும். லென்ஸோ கண்ணாடியோ எத்தனை மிமீ அகலமோ அதுல ரெண்டு மடங்குதான் உச்சம்னு சொல்லுவாங்க, 70 மிமீக்கு 140, அதுவும் வானம் அசையாம நிக்கிற நல்ல ராத்திரியில. கலிலியோ 1610ல உங்க பொண்ணு பாத்த அதே நாலு நிலாவை பாத்தது சுமார் 20 பவர்லதான்கா. பவர் எவ்ளோன்னு விளம்பரத்துல முதல்ல எழுதியிருந்தாலே அந்தப் பக்கத்தை மூடிடுங்க.

வாலாஜா வாத்தியார்:

மேடம், வாலாஜாவுல ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கிறேன், பசங்களுக்கு வானம் காமிக்க ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு. தம்பி சொன்னது சரி, அதுக்கு மேல கொஞ்சம் சொல்றேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

டெலஸ்கோப்போட முதல் வேலை பெருசாக்கிக் காட்டுறது இல்ல, வெளிச்சத்தை அள்ளுறதுதான். மழைத்தண்ணி பிடிக்க சொம்பு வெக்கிறதுக்கும் அண்டா வெக்கிறதுக்கும் எவ்ளோ வித்தியாசம், அதேதான் இங்கயும். வாய் அகலம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலு மடங்கு. 70 மிமீயோட ஒப்பிட்டா 150 மிமீ, அதாவது 6 இன்ச், நாலரை மடங்கு ஜாஸ்தி வாங்கும். அதனால கடைக்காரர்கிட்ட முதல் கேள்வி "வாய் எவ்ளோ அகலம்"னு இருக்கணும், ரெண்டாவது கேள்வி "ஸ்டாண்டு ஆடுமா". இந்த ரெண்டும் சரியா இருந்தா மத்ததை பாத்துக்கலாம்.

உங்க காசுக்கு அதிகமா வாய் அகலம் கிடைக்கிறது டாப்சோனியன்லதான். அடியில கண்ணாடி வெச்ச நியூட்டன் வகை குழாய், ட்ரைபாடு கிடையாது, மரப்பலகைப் பெட்டியில உக்காந்திருக்கும், கையால தள்ளினா மேல கீழ, இடது வலது திரும்பும், விட்டா அங்கயே நிக்கும். ஜான் டாப்சன்னு அமெரிக்காவுல ஒருத்தர், துறவி மடத்துல இருந்தவர், பழைய கண்ணாடியையும் அட்டைக் குழாயையும் பலகையையும் வெச்சு பண்ணி, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில நிறுத்தி போறவங்க வர்றவங்களை கூப்பிட்டு நிலாவை காமிச்சார். ஏழைக்கும் வானம் தெரியணும்னு வந்த டிசைன்ங்கிறதால எனக்கு அது மேல தனி மரியாதை உண்டு.

6 இன்ச் டாப்சோனியன் பெரும்பாலும் 1200 மிமீ ஃபோகல் லெங்த் இருக்கும். 25 மிமீ ஐபீஸ் போட்டா 48 பவர், 10 மிமீ போட்டா 120. இந்த ரெண்டே ஐபீஸ்ல முதல் ஒரு வருஷம் ஓட்டலாம். 48ல வியாழனும் நாலு நிலாவும் ஊசி முனை மாதிரி தெரியும், 120ல அதோட ரெண்டு பட்டை தெரியும், நிலாவுல பள்ளத்துக்குள்ள நிழல் விழுறது தெரியும். சனியை வருஷக் கடைசியில சாயங்காலமே பாக்கலாம். 2025 மார்ச்ல வளையம் நேர் விளிம்பா வந்து கோடு மாதிரி ஆயிடுச்சு, அதுலருந்து சில வருஷத்துக்கு விரிஞ்சுகிட்டே போகும், பாப்பா பத்தாவது வரும்போது இன்னும் அழகா இருக்கும்.

ஒரே கஷ்டம், 120 பவர்ல கிரகம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஓரத்துக்கு போயிடும், பூமி சுத்திகிட்டே இருக்கில்ல. லேசா தள்ளி தள்ளி பாக்கணும். குழந்தைங்க அஞ்சு நிமிஷத்துல பழகிடறாங்க.

அளவை பாத்துக்குங்க. 6 இன்ச் குழாயே நாலு அடி நீளம், பெட்டி தனி. ஒடுக்கமான படிக்கட்டுன்னா ரெண்டு தடவையா தூக்கலாம். 8 இன்ச் எல்லாம் சேத்து 20 கிலோவுக்கு மேல வரும், வேண்டாம். எந்த டெலஸ்கோப்பை அவ உங்களைக் கூப்பிடாம தானே தூக்கிட்டு மாடிக்கு போக முடியுமோ அதுதான் தினமும் வெளிய வரும். அதுக்கு 130 மிமீ மேசை மேல வெக்கிற டாப்சோனியன் கூட யோசிக்கலாம், 650 மிமீ ஃபோகல் லெங்த், ஒரு உறுதியான ஸ்டூல் வேணும், பிளாஸ்டிக் ஸ்டூல் ஆகாது.

ஜவ்வாது காத்து (போளூர்):

நான் வேற மாரி சொல்றேன் சிஸ்டர். டெலஸ்கோப்பு வாங்குறதுக்கு முன்னாடி 10x50 பைனாகுலர் ஒண்ணு வாங்கிக் குடுங்க. 10ன்னா பவரு, 50ன்னா வாய் அகலம் மிமீல. எங்க நெலம் மலையடிவாரத்துல கீது, மோட்டார் போட போற நேரத்துல கழுத்துல மாட்டிகினு போவேன், வரப்புல மல்லாந்து படுத்துகினு பாப்பேன், ரெண்டு கண்ணாலயும் பாக்கிறதே தனி சுகம்.

எங்க ஆயா கார்த்திகையை காட்டி ஆறு மீனுன்னு சொல்லும், கண்ணுக்கு ஆறுதான், பைனாகுலர்ல போடுங்க, டஜன் கணக்குல நீல நீலமா கொட்டிக் கெடக்கும். பக்கத்துலயே செவப்பா ரோகிணி. திருவாதிரைக்கு கீழ மூணு நட்சத்திரம் வரிசையா கீதே, அதுக்குக் கீழ பஞ்சு மாரி ஒரு பொட்டு, அதான் ஓரியன் நெபுலா, நட்சத்திரம் பொறக்குற எடம். கல்யாணத்துல அருந்ததி பாக்கிறோமே, அது ரெண்டு நட்சத்திரம், வசிஷ்டரும் அருந்ததியும், பைனாகுலர்ல தனித்தனியா நிக்கும், அப்புறமா டெலஸ்கோப்புல பாத்தா வசிஷ்டரே ரெண்டா பிரியும். இதெல்லாம் எங்க கீதுன்னு கண்ணுக்கு பழகலன்னா டெலஸ்கோப்பை எந்தப் பக்கம் திருப்புறது?

இன்னொண்ணு. நம்ம ஊரு பூமத்திய ரேகையிலருந்து வடக்க 13 டிகிரியில கீது. வடக்க கீறவங்களுக்கு கெடைக்காத தெக்கத்தி வானம் நமக்கு கெடைக்குது. மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல தெக்க பாருங்க, அடிவானத்துலருந்து 30 டிகிரி ஒசரத்துல ஒமேகா சென்டாரி வரும், லட்சக்கணக்கான நட்சத்திரம் ஒரே பந்தா கீற கூட்டம், பைனாகுலர்ல மங்கலா உருண்டையா தெரியும், 6 இன்ச்சுல சர்க்கரை கொட்டின மாரி. லண்டன்ல ஒக்காந்துகினு எவ்ளோ காசு போட்டாலும் அதை பாக்க முடியாது. தெற்குச் சிலுவையும் அங்கயேதான், இன்னும் தாழ்வா. காவலூர் ஆய்வகத்தை அமைச்ச வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு அய்யா நம்ம ஜவ்வாது மலையை தேர்ந்தெடுத்ததுக்கு டவுன் வெளிச்சம் எட்டாத இருட்டும் காரணம், தெக்கத்தி வானமும் காரணம். 1968ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சது, 1972ல 1 மீட்டர், 1986ல 2.34 மீட்டர். 1977 மார்ச் 10 அன்னிக்கு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப அதுக்கு வளையம் கீதுன்னு தெரிஞ்சுதே, அந்த ராத்திரி காவலூர் 1 மீட்டர்லயும் பதிவாச்சு. நம்ம மலைன்னு சொல்லிக்க எனக்கு அவ்ளோ பெருமை.

மாடிவீட்டு மல்லி (காட்பாடி):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பொண்ணுக்கு படிச்சுக் காமிச்சேன், யுரேனஸ் விஷயத்தை மூணு தடவை படிக்கச் சொன்னா. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஒரு கடையில போன் பண்ணி கேட்டேன், அந்த எடைக்கல்லு தொங்குற ஸ்டாண்டுதான் சயின்டிஸ்ட் வெச்சிருக்கிறது, டாப்சோனியன் பொம்மை மாதிரின்னு சொன்னாங்க. ரெண்டு, அந்த 7,000 ரூபாய் செட்டுல சூரியனைப் பாக்க ஒரு கருப்பு கண்ணாடி ஃப்ரீயா வருது, அது தனியா வாங்கிக்கலாமா, பொண்ணுக்கு சூரியப் புள்ளி பாக்கணுமாம்.

வாலாஜா வாத்தியார்:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், அதுதான் அவசரம். அந்த கருப்பு கண்ணாடி ஐபீஸ்ல திருகிப் போடுறதா இருந்தா, எங்கயாவது கையில கிடைச்சாலும் உடைச்சுப் போட்டுடுங்க. லென்ஸ் மொத்த வெயிலையும் குவிச்சு அந்த சின்ன கண்ணாடி மேலதான் போடுது, சூட்டுல அது பட்டுன்னு விரிசல் விட்டா அந்த நொடியே கண்ணு போச்சு, வலி கூட தெரியாது. பூதக்கண்ணாடியில காகிதம் எரியுறது பாத்திருப்பீங்க, அதேதான். சூரியனுக்குன்னு விக்கிற ஃபில்டர் ஃபிலிம் குழாயோட முன்வாயை முழுசா மூடணும், வெயில் உள்ள வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும், காத்துல கழண்டு விழாம டேப் போட்டு ஒட்டணும், குழாய் மேல குறி பாக்கிறதுக்கு இருக்கிற அந்த சின்ன ஃபைண்டருக்கும் மூடி போடணும். பெரியவங்க பக்கத்துல இல்லாம பகல்ல டெலஸ்கோப் வெளியவே வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்துல நான் பசங்ககிட்ட கண்டிப்பா இருப்பேன், நீங்களும் இருங்க.

அந்த ஸ்டாண்டுக்கு பேரு ஈக்வடோரியல் மவுண்ட். நல்ல பொருள்தான், போட்டோ எடுக்கிறவங்களுக்கு வேணும். ஆனா அதோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பாத்து நிக்கணும். நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்துலருந்து 13 டிகிரிதான், காட்பாடியில அந்த உயரத்துல மலையோ பக்கத்து வீட்டு தண்ணி டேங்கோ தூசியோதான் இருக்கும். அச்சும் கிட்டத்தட்ட படுத்துடும், விலை கம்மியான மவுண்டுல அப்படி சாச்சா எடைக்கல்லு ட்ரைபாடு கால்ல போய் இடிக்கும், சிலது 13 வரைக்கும் சாயவே சாயாது. 18,000 ரூபாய்க்கு வர்றதுல பாதி காசு அந்த இரும்புக்கே போயிடும், அதுவும் ஆடும். எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு வேண்டாம்.

சத்துவாச்சாரி நிலா:

தாமதமா வர்றேன், ஆனா யாரும் நம்ம ஊர் வெயிலைப் பத்தி பேசலையேன்னு எழுதுறேன். அக்கா, நான் 6 இன்ச் டாப்சோனியன் ஆறு வருஷமா வெச்சிருக்கேன். வாங்கின புதுசுல ஏப்ரல்ல ஒரு நாள் ஏழு மணிக்கு மாடியில வெச்சு வியாழனை பாத்தேன், தோசைக்கல்லு மேல ஆவி அலையுமே, அப்படி அலைஞ்சுது. கண்ணாடிதான் கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேன். காரணம் மொட்டை மாடி. வேலூர் வெயில்ல பகலெல்லாம் காஞ்ச தளம் ராத்திரி ஒன்பது பத்து வரைக்கும் சூடு விட்டுகிட்டே இருக்கும். வீடு குளிரட்டும்னு சாயங்காலம் தளத்துல தண்ணி ஊத்துவோமே, அதை அஞ்சு மணிக்கே ஊத்திடுங்க, காஞ்சதும் டெலஸ்கோப்பை வெளிய வெச்சு ஒரு மணி நேரம் ஆற விடுங்க, கண்ணாடியும் வெளிக்காத்தும் ஒரே சூட்டுக்கு வரணும். அதே வியாழன் பத்து மணிக்கு செதுக்கி வெச்ச மாதிரி நிக்கும்.

நாள் பாக்கிறதுக்கு தினசரி காலண்டர் போதும். நிலாவை பௌர்ணமியில பாக்காதீங்க, கண்ணு கூசும், தட்டையா இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பாருங்க, மலையெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிக்கும். நெபுலா, நட்சத்திரக் கூட்டம் பாக்க அமாவாசையை ஒட்டி. தையிலருந்து பங்குனி வரைக்கும் நம்ம ஊருக்கு நல்ல சீசன், ஐப்பசி கார்த்திகையில மேகம்தான், ஆனா புயல் மழை விட்ட மறுநாள் ராத்திரி வானத்தை கழுவி விட்ட மாதிரி இருக்கும், விட்டுடாதீங்க.

பழசு வாங்கினா நாலு விஷயம் பாருங்க. ஃபோகஸர், அதாவது ஐபீஸை முன்ன பின்ன நகத்துற பாகம், ஆடக்கூடாது. பெட்டியில திருப்பினா வழுக்கி போகணும், திக்கக்கூடாது. கண்ணாடியை சாச்சு பாத்தா வேர் விட்ட மாதிரி வெள்ளை நூல் இருந்தா அது பூஞ்சை, ஓரத்துல பூச்சு உரிஞ்சிருந்தா வேண்டாம், சும்மா தூசின்னா பயப்படாதீங்க, அது படத்தை கெடுக்காது. அப்புறம் முக்கியமா, 1000 மிமீ ஃபோகல் லெங்த்னு எழுதியிருக்கும் ஆனா குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், அந்த மாதிரி கண்ணாடி வகை டெலஸ்கோப்ல ஃபோகஸருக்குள்ள ஒரு லென்ஸ் ஒளிச்சு வெச்சு நீளத்தை ஏத்தியிருப்பாங்க, விலை கம்மியானதுல படம் கூராவே வராது, கண்ணாடிகளை நேர்படுத்துறதும் பெரிய பாடு. நல்லதுல குழாய் நீளமும் ஃபோகல் லெங்த்தும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும்.

வாங்கினப்புறம் கண்ணாடியை துணியால துடைக்காதீங்க, கீறல் விழுந்தா போச்சு. மழைக்காலத்துல ஐபீஸை டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்க, என்னோட முதல் 10 மிமீ ஐபீஸ் ஒரே மழைக்காலத்துல பூஞ்சை பிடிச்சு போச்சு. கொசுவத்தியை பக்கத்துல வெக்காதீங்க, புகை குறுக்க வரும், கண்ணாடியிலயும் படியும், ஓடோமாஸ் தடவிக்குங்க, தடவின கையால லென்ஸைத் தொடாதீங்க.

மாடிவீட்டு மல்லி (காட்பாடி):

ஒரு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும், பரீட்சை வேலை. பைனாகுலர் அந்த வாரமே வாங்கிட்டோம், கார்த்திகையை காமிச்சதும் மாமனார் கையிலருந்து வாங்கவே முடியல, அவங்க ஊர் பக்கம் சின்ன வயசுல களத்துமேட்டுல படுத்து பாத்ததை எல்லாம் பொண்ணுக்கு சொல்லிட்டு இருந்தார். அடுத்த வாரமே மீதி காசை அவர்தான் குடுத்தார்.

சென்னையில ஒருத்தர் வெளிநாடு போறார்னு 6 இன்ச் டாப்சோனியன் 22,000க்கு குடுத்தார். வீட்டுக்காரரும் நானும் காலையில போய் நிலா சொன்ன மாதிரி ஒண்ணொண்ணா பாத்தோம், தூசி இருந்துது, பூஞ்சை இல்ல, ஃபோகஸர் ஆடல, குழாய் நாலு அடிக்கு இருந்துது. போர்வையில சுத்தி ட்ரெயின்ல காட்பாடிக்கு கொண்டு வந்தோம், குழாயை சீட்டுல படுக்க வெச்சு நான் நின்னுகிட்டு வந்தேன்.

முதல் நாள் ரெண்டு கண்ணாடியும் நேரா இல்ல. வாத்தியார் சாருக்கு தனியா எழுதிக் கேட்டேன், பிரகாசமான நட்சத்திரத்தை நடுவுல வெச்சு ஃபோகஸை விலக்கினா வடை மாதிரி வட்டம் வரும், நடு ஓட்டை ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தா அடியில இருக்கிற மூணு திருகுல ஒண்ணை கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, மறுபடி நடுவுக்கு கொண்டு வந்து பாருங்கன்னார். பொண்ணு கண்ணை வெச்சு "இன்னும், இன்னும், போதும்"னு சொல்ல நான் கீழ குனிஞ்சு திருப்பினேன், அரை மணி நேரத்துல ஓட்டை நடுவுக்கு வந்துடுச்சு.

இப்ப அவ ஒரு நோட்டு போட்டிருக்கா. தினமும் எட்டரைக்கு நடுவுல ஒரு வட்டம், ரெண்டு பக்கமும் புள்ளி, தேதி. பதினோரு நாள் ஆச்சு. ஒன்பதாம் நாள் மூணு புள்ளிதான் இருந்துது, ஒண்ணைக் காணோம்னு பதறிட்டா, பத்து மணி வரைக்கும் கீழ இறங்கவே இல்ல. "அம்மா, வந்துடுச்சு, பின்னாடி இருந்து வருது"ன்னு கத்தினதுல பக்கத்து வீட்டு அக்காவும் மாடிக்கு வந்துட்டாங்க, அவங்களுக்கும் காமிச்சோம்.

ஜவ்வாது காத்து அண்ணா, மே மாசம் ஒமேகா சென்டாரி பாக்க போளூர் பக்கம் வரலாமான்னு கேக்கச் சொல்றா.

ஜவ்வாது காத்து (போளூர்):

தாராளமா வாங்க. அமாவாசையை ஒட்டி வாங்க, மோட்டார் ரூம்பு மேல தளம் போட்டுருக்கேன், தெக்க ஒரு மரம் கூட குறுக்க இல்ல. பெரியவரையும் இட்டுனு வாங்க, அந்த நோட்டையும் எடுத்துனு வரச் சொல்லுங்க, எங்க பசங்க பாக்கட்டும்.